‘எப்படி வந்தது’ என்றொரு நிரல்

ஒரு சதுரம் செய்ய 4 தீக்குச்சி வேண்டும். அதன் வலப்பக்கக் குச்சியையே அடுத்த சதுரத்துக்கு இடப்பக்கமாக வைத்துக்கொண்டால் இரண்டு சதுரத்துக்கு 7 போதும், மூன்றுக்கு 10. இப்படி ஒட்டி ஒட்டி 10 சதுரம் செய்ய எத்தனை குச்சி?

தொடக்கப் பள்ளிக் கணக்குதான். வழக்கமாக வரும் தவறான விடைகள் இரண்டு: 40, 32. சதுரத்துக்கு நான்கு என்று பெருக்கிய பிள்ளை 40 என்கிறது. பொதுவான குச்சியைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். 32 சொன்ன பிள்ளையின் தவறு நுட்பமானது. ஐந்து சதுரத்துக்கு 16 என்று சரியாக எண்ணிவிட்டு, பத்துக்கு அதில் இரண்டு மடங்கு என்று நினைத்திருக்கிறது. ஐந்து ஐந்தாக இரண்டு துண்டு செய்து ஒட்டிப் பாருங்கள்: ஒட்டும் இடத்தில் இரண்டு குச்சி ஒன்றன்மேல் ஒன்றாக விழும். ஒன்றை எடுத்துவிட்டால் 31. ஐந்து பேனா 50 ரூபாய் என்றால் பத்து பேனா 100 ரூபாய் என்பது சரி, ஏனென்றால் பேனாவே வாங்காவிட்டால் ரூபாயும் இல்லை. சுழியத்தில் தொடங்காத கணக்கில் இரட்டிப்பு செல்லாது.

இதையெல்லாம் பிள்ளை தானே பார்க்க வேண்டுமென்றால் அட்டவணை போட வேண்டும். பலரும் இரண்டு நிரலோடு நிறுத்திவிடுகிறார்கள். நடுவில் இன்னொன்று வேண்டும்.

| சதுரம் | எப்படி வந்தது | குச்சி |
|---|---|---|
| 1 | 4 | 4 |
| 2 | 4 + 3 | 7 |
| 3 | 4 + 3 + 3 | 10 |
| 4 | 4 + 3 + 3 + 3 | 13 |

நடு நிரலில் கூட்டிச் சுருக்கக் கூடாது. 7 + 3 என்று எழுதினால்கூட விஷயம் மறைந்துவிடும். நீளமாகவே விட்டால்தான், நான்காம் நிரையில் மூன்று 3, மூன்றாம் நிரையில் இரண்டு 3 என்று கண்ணில் படும். சதுரத்தைவிட ஒன்று குறைவாக 3 வருகிறது. அப்படியானால் பத்துக்கு 4 + 9 × 3 = 31.

மேலிருந்து கீழே படித்தால் ‘மூன்று மூன்றாகக் கூடுகிறது’ என்பது மட்டும் கிடைக்கும். பத்தாவது வரை அது போதும். நூறாவதைக் கேட்டால் நூறு நிரை எழுத வேண்டும், நடுவில் எங்காவது ஒரு கூட்டல் தப்பும். இடமிருந்து வலமாகப் படிக்கும்போதுதான் சதுர எண்ணிக்கைக்கும் குச்சி எண்ணிக்கைக்கும் உள்ள உறவு பிடிபடும். கட்டம் போட்டுக் கொடுக்கும்போது 1, 2, 3, 4 என்று வந்து சட்டென்று 10-க்குத் தாவினால், 13-க்கு அடுத்து 16 என்று பிள்ளை நிரப்பிவிடும். இடையில் புள்ளி வைத்த ஒரு நிரை விட்டால் அந்தத் தடுமாற்றம் குறையும்.

இனி சுழிய நிரை. உண்டியலில் ஏற்கெனவே 12 ரூபாய் இருக்கிறது, வாரம் 5 ரூபாய் போடுகிறாள், 8-ஆம் வார முடிவில் எவ்வளவு? 12-ஐ 1-ஆம் வாரத்துக்கு நேரே எழுதினால் விடை 47 ஆகிவிடும். 0-ஆம் வாரம் என்று ஒரு நிரை போட்டு அதில் 12-ஐ வைத்தால் 12 + 8 × 5 = 52. தீக்குச்சி அட்டவணையையும் பின்னோக்கி நகர்த்திப் பாருங்கள்: 4-லிருந்து 3 போனால் 1. சதுரமே இல்லாதபோது ஒரு குச்சி எங்கிருந்து வந்தது? முதலில் நட்டு வைத்த இடப்பக்கக் குச்சிதான் அது. அதிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு சதுரமும் சரியாக மூன்று குச்சி கேட்கும்: 1 + 10 × 3. தலைகீழாகக் கேட்டாலும் இது கைகொடுக்கும். 50 குச்சி இருந்தால் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு 49-ஐ 3-ஆல் வகுக்க வேண்டும். 16 சதுரம், ஒரு குச்சி மிச்சம்.

சில கணக்குகளில் விதி கடைசி அடியில் உடையும். 10 அடிக் கிணற்றில் நத்தை பகலில் 3 அடி ஏறி, இரவில் 2 அடி சறுக்குகிறது. நாளுக்கு ஓர் அடி, ஆகவே பத்து நாள் என்று சொல்லத் தோன்றும். ‘காலையில்’, ‘மாலையில்’ என்று இரண்டு நிரல் போட்டால், 8-ஆம் நாள் காலை 7 அடியில் இருக்கும் நத்தை மாலைக்குள் 10-ஐத் தொட்டு வெளியே வந்துவிடுவது தெரியும். அதன்பின் சறுக்கல் ஏது?

அட்டவணையை ஒரேயடியாக நம்பவும் கூடாது. வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து எல்லாவற்றையும் நேர்கோட்டால் இணைத்து, உள்ளே எத்தனை துண்டு விழுகிறது என்று எண்ணினால் 1, 2, 4, 8, 16 என்று வரும். ஆறாம் புள்ளிக்கு 32 என்று எழுதக் கை போகும். எண்ணினால் 31தான், அதுவும் நடுவில் மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டாமல் பார்த்துக்கொண்டால். புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்தால் 30. அந்த ‘இரட்டிப்பு’ ஏன் வருகிறது என்று யாரும் எழுதவில்லை, எண்களின் தோற்றத்தை வைத்து ஊகித்ததுதான்.

காரணம் தெரிந்தால், கூடுவது ஒரே எண்ணாக இல்லாவிட்டாலும் தொடரலாம். இடுக்குப் புள்ளிக் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 3 புள்ளி 2 வரை என்றால் 2, 3, 2, மொத்தம் 7. 5 புள்ளி 3 வரை 19. 7 புள்ளி 4 வரை 37. ஒற்றைப் புள்ளியையும் சேர்த்தால் 1, 7, 19, 37. வித்தியாசங்கள் 6, 12, 18. ஒவ்வொரு பெரிய கோலமும் முந்தையதைச் சுற்றி ஒரு அறுகோண வளையம் கூட்டுகிறது. வளையத்துக்கு ஆறு பக்கம், பக்கத்துக்கு ஒரு புள்ளி கூடுவதால் வளையம் ஆறு ஆறாகப் பெரிதாகிறது. நடு நிரலில் 1 + 6 × 1, 1 + 6 × (1 + 2), 1 + 6 × (1 + 2 + 3) என்று எழுதிக்கொண்டே போகலாம்.

மார்கழியில் வாசலை நிறைக்கும் 15 புள்ளி 8 வரை கோலம் இந்தத் தொடரில் எட்டாவது. அதில் ஏழு வளையம்: 1 + 6 × 28 = 169. சந்தேகம் இருந்தால் வரிசை வரிசையாகவும் கூட்டலாம்: நடுவில் 15, மேலும் கீழும் 14 முதல் 8 வரை 77, 77.