கியர் ஆயில் அல்ல, செலுத்தப் பாய்மம்

என் மைத்துனர் போன ஐப்பசியில் ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கினார். பாளையங்கோட்டையில் ஒரு கடையில் போய் "கியர் ஆயில் ஒரு லிட்டர்" என்றார். கேட்டதைக் கொடுத்தார்கள். ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி டப்பாவைத் திறந்து ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து இழுத்துப் பார்த்தார். பதநீர் காய்ச்சுகையில் பாகு இழுப்பதுபோல் கம்பி இழுத்தது. "இது மேனுவல் வண்டிக்கு உள்ளதுல்லா, இதையா ஊத்தப் போறிய?" என்றார். பிறகு காரின் அளவுக் குச்சியை உருவி வெள்ளைத் துணியில் தொட்டார். மெல்லிய சிவப்பு நீர்மம் சட்டெனப் படர்ந்தது.

கடைக்காரர் மேல் குற்றமில்லை. இரண்டுக்கும் நாம் ஒரே பெயர் வைத்திருக்கிறோம், தப்பு அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஆயில். ஆங்கிலச் சொல் லத்தீனின் 'ஓலியம்' வழியாக வந்தது; அதற்கும் மூலம் ஆலிவ் எண்ணெயைக் குறித்த கிரேக்கச் சொல். நம் சொல்லும் அப்படித்தான் வளர்ந்தது. எள் + நெய் = எண்ணெய். செக்கில் ஆட்டிய எள்ளின் நெய்க்கு மட்டும் உரிய பெயர், தேங்காய்க்கும் ஆமணக்குக்கும் மண்ணெண்ணெய்க்கும் பரவிவிட்டது. அதனால்தான் எள்ளுக்கே தனியாக 'நல்லெண்ணெய்' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே ஒரு பழம், இங்கே ஒரு விதை. எனக்கு மிகப் பிடித்த ஒற்றுமை இது.

ஆனால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றுவதை ஆங்கிலத்திலும் ஆயில் என்பதில்லை, 'ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட்' என்கிறார்கள். ஃப்ளூயிட், பாய்தல் என்னும் பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். காரணம் இருக்கிறது. அது பற்சக்கரத்துக்கு வழுவழுப்பு தருவதோடு நிற்பதில்லை. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் முறுக்கு மாற்றிக்குள் (டார்க் கன்வெர்ட்டர்) சுழன்று எஞ்சினின் விசையைக் கொண்டுசேர்க்கிறது, அழுத்தத்தால் உள்ளேயிருக்கும் கிளட்சுகளைப் பிடிக்க வைக்கிறது, சூட்டையும் வெளியே எடுத்துப்போகிறது. பாய்வதுதான் அதன் வேலை, அதனால் தமிழில் பாய்மம். 1970களின் தொடக்கம் வரை இதில் திமிங்கில எண்ணெயும் கலந்தார்கள். சிவப்பு நிறம் எஞ்சின் ஆயிலோடு குழம்பாமல் இருக்கச் சேர்க்கும் சாயம்.

'டிரான்ஸ்மிஷன்' என்றால் அக்கரைக்கு அனுப்புவது. தமிழ் அதை இடம்பார்த்துப் பிரித்துக்கொண்டது: தொலைக்காட்சிக்கு ஒளிபரப்பு, மின்சாரத்துக்குத் தொடரமைப்பு, வண்டிக்குச் செலுத்தம். 'ஆட்டோமேட்டிக்' தானியங்கி, அதில் சிக்கலே இல்லை.

ஆக, முழுப் பெயர் தானியங்கிச் செலுத்தப் பாய்மம். பேச்சில் செலுத்தப் பாய்மம் போதும். மேனுவல் வண்டியின் கெட்டியான கியர் ஆயில், பல்லிணை எண்ணெய். 'செலுத்த எண்ணெய்' என்றும் சிலர் சொல்லலாம்; நான் ஏற்கமாட்டேன், பழைய குழப்பத்துக்கே அது வழிவிடும். பிரேக் ஆயில் என்கிறோமே, நம் கார்களில் ஊற்றும் அதுவும் எண்ணெய் இல்லை. அதில் நிஜமாகவே எண்ணெயை ஊற்றினால் உள்ளே ரப்பர் எல்லாம் ஊதிக் கெட்டுப்போகும். அதற்கும் தடுப்புப் பாய்மம் என்பதே சரி.

சரி, பார்ப்பது எப்படி? சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் சூடான பிறகு, பெரும்பாலான வண்டிகளில் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை கொண்டுபோய் பார்க்கிங்குக்குத் திரும்பி, குச்சியை உருவித் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். தெளிந்த சிவப்பு நல்லது. கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே தேய்கிறது என்று பொருள். பால் கலந்த ரோஸ் நிறம் என்றால் ரேடியேட்டர் தண்ணீர் புகுந்திருக்கிறது, வண்டியை நகர்த்தாதீர்கள். குறைந்திருந்தால் சிறு புனலை வைத்துக் குச்சிக் குழாய் வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றவும். கூடிவிட்டால் நுரைத்து அழுத்தம் போகும். குச்சியே இல்லாத புது வண்டிகளுக்கு அடியில் திருகு உண்டு, அது ஒர்க்‌ஷாப் வேலை.

ஒன்று கவனிக்க வேண்டும். நம் ஊரில் ஆட்டோமேட்டிக் என்று ஓடுவதில் பல ஏ.எம்.டி. வண்டிகள், அதாவது கிளட்சையும் கியரையும் நமக்குப் பதில் கருவியே மாற்றுபவை. அவற்றின் பெட்டி மேனுவல் பெட்டிதான், அதற்குப் பல்லிணை எண்ணெயே ஊற்ற வேண்டும். பற்சக்கர அடுக்குக்குப் பதில் பட்டையும் கப்பியும் கொண்ட சி.வி.டி.க்கு வேறு பாய்மம். மைத்துனர் இப்போது வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் பெயரை போனில் படமெடுத்து வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போகிறார்.