ஹார்முஸில் கப்பலுக்குக் கிடைக்கும் இடம்

“ஹார்முஸ் நீரிணை 39 கிலோமீட்டர் அகலமாமே, ஆபத்து வந்தால் ஒதுங்கிப் போக முடியாதா?” வளைகுடாப் பக்கம் கப்பலேறும் இளைஞர்களின் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. எண்ணெய்க் கப்பல்களில் டெக் அதிகாரியாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரிய டேங்கருக்கு அது எளிதல்ல. பள்ளிக்கூட வரைபடத்தில் இதற்குக் காரணம் தெரியாது. ஆழம் குறித்த கடல் வரைபடத்தைப் பார்க்க வேண்டும்.

ஹார்முஸ் நீரிணைதான் பாரசீக வளைகுடாவின் ஒரே கடல்வாசல். ஈராக், குவைத் தொடங்கி ஓமன் வரை எட்டு நாடுகள் சூழ்ந்த அந்த வளைகுடா ஏறத்தாழ 1,000 கி.மீ. நீளமானது. ஆனால் சராசரி ஆழம் 35 மீட்டர் அளவுதான். 20 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெய் ஏற்றிய டேங்கரின் அடிப்பகுதி நீர்மட்டத்துக்குக் கீழே 20 மீட்டருக்கும் மேல் இறங்கியிருக்கும். அரபுக் கரையோரம் மணல்திட்டும் பவளப்பாறையும் நிறைந்தது. ஆழமான நீர் ஈரான் பக்கம்தான். அதனால் சவூதியின் ராஸ் தனூராவில் சரக்கேற்றினாலும், ஈராக்கின் பஸ்ராவில் ஏற்றினாலும், நீரிணைக்குச் சற்று முன்னால் உள்ள டன்ப் தீவுகளை ஒட்டியே வர வேண்டியிருக்கிறது. அத்தீவுகள் 1971 முதல் ஈரான் வசம் உள்ளன. ஐக்கிய அரபு அமீரகம் இன்றும் உரிமை கோருகிறது.

நீரிணைக்குள் நிலைமை தலைகீழ். அங்கே ஆழம் ஓமனின் முசந்தம் முனைப் பக்கம். உள்ளே வர 2 கடல் மைல் (சுமார் 3.7 கி.மீ.) அகலமுள்ள பாதை, வெளியே செல்ல 2 கடல் மைல், இரண்டையும் பிரிக்க 2 கடல் மைல். 2024இல் நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி பீப்பாய் எண்ணெய், அதாவது உலக நுகர்வில் ஐந்தில் ஒரு பங்கு, இவ்வழியே சென்றது. முந்நூறு மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பல், எஞ்சினை நிறுத்திய பிறகும் மைல் கணக்கில் நகரும். கஸப் துறைமுகத்துக்கும் ஈரான் கரைக்கும் இடையே ஓடும் சிறு படகுகள் அதன் குறுக்கே பாயும். கோடையில் புழுதி மூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

இப்போது ஜிபிஎஸ் சிக்னலில் குறுக்கிட்டு இருப்பிடத்தைத் தவறாகக் காட்டவைக்கும் குழப்பமும் வந்துவிட்டது. 2025 ஜூனில் பல கப்பல்களின் இருப்பிடம் தரைமேல் இருப்பதாகத் திரையில் தெரிந்தது. அதே மாதம் 17ஆம் தேதி ஓமன் வளைகுடாவில் இரண்டு டேங்கர்கள் மோதிக்கொண்டன. இளம் அதிகாரிகளை மன்றாடிக் கேட்கிறேன்: திரை காட்டும் புள்ளியை நம்பி நிற்காதீர்கள். ரேடாரில் தீவுகளின் தூரத்தை எடுங்கள், கரையில் தெரியும் அடையாளங்களின் கோணத்தைக் கண்ணால் பாருங்கள், ஆழமானியோடு ஒப்பிடுங்கள்.

குழாய் வழியே அனுப்பலாமே என்பார்கள். சவூதிக்குச் செங்கடலின் யான்புவரை குழாய் உண்டு. அபுதாபிக்கு நீரிணைக்கு வெளியே உள்ள புஜைராவரை உண்டு. இரண்டும் சேர்ந்தாலும் முழு அளவைத் தாங்கா. கத்தாரின் திரவ எரிவாயுக் கப்பல்களுக்கோ மாற்று வழியே இல்லை. நம் வீட்டுச் சமையல் சிலிண்டருக்கான இறக்குமதியிலும் பெரும்பகுதி இந்த வளைகுடாவிலிருந்து வருவதுதான்.

அரசியல் மோதலில் முதலில் மாட்டுபவர்கள் மாலுமிகள். 1984 முதல் 1988 வரை ஈரான்–ஈராக் போரில் டேங்கர்கள் தாக்கப்பட்டன. 2019 ஜூலையில் ஈரான் பிடித்த ‘ஸ்டெனா இம்பீரோ’வில் இருந்த 23 பேரில் 18 பேர் இந்தியர்கள். 2024 ஏப்ரலில் பிடிபட்ட ‘எம்எஸ்சி ஏரிஸ்’ சரக்குக் கப்பலில் 25 பேரில் 17 பேர்.

ஆகவே பெற்றோர் கவனிக்க வேண்டியது: ஏஜெண்டிடம் கப்பல்துறை இயக்குநரகத்தின் ஆள்சேர்ப்பு உரிமம் இருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் பாருங்கள். சுற்றுலா விசாவில் துபாய்க்கோ ஈரானுக்கோ வரச் சொன்னால் அனுப்பாதீர்கள். பன்னாட்டுத் தொழிற்சங்க ஒப்பந்தத்தின் கீழ் வரும் கப்பல் என்றால், அந்த ஒப்பந்தப்படி போர்ப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடத்துக்குள் செல்ல மறுக்கும் உரிமை மாலுமிக்கு உண்டு; கம்பெனியே தன் செலவில் ஊருக்கு அனுப்ப வேண்டும். உங்கள் பிள்ளையின் கப்பல் அந்த ஒப்பந்தத்தின் கீழ் வருகிறதா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.