பாறை பார்த்துக் கொடுத்த ஊர்

லாஸ் ஏஞ்சல்ஸ் கடற்கரை நகரம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் அந்த ஊரைத் தொடங்கியவர்கள் குடியேறியது கடலிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் உள்ளே. காரணம் நிலத்துக்கு அடியில் இருக்கிறது.

நகருக்கு வடமேற்கே சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கு. அதன் அடியில் மணலும் சரளையும் ஆழமாகப் படிந்திருக்கின்றன. சுற்றுமலைகளில் பெய்யும் மழை அதில் இறங்கி, நிலத்தடியிலேயே மெல்லத் தென்கிழக்காக நகரும். கிளென்டேல் பக்கம் வரும்போது இருபுறமும் மலை நெருக்குகிறது. அடியிலுள்ள பாறையும் மேலேறி வருகிறது. அவ்வளவு நீரும் அந்த இடுக்கில் மணலுக்குள்ளேயே போக முடியாது. மேலே ஊறி லாஸ் ஏஞ்சல்ஸ் ஆற்றில் சேர்ந்துவிடும். மழையில்லாத கோடையிலும் அங்கே ஆறு ஓடியது இப்படித்தான்.

அங்குள்ள பூர்வகுடிகளான டோங்வா மக்களுக்கு இது முன்பே தெரியும். அவர்களுடைய யாங்கா கிராமம் பக்கத்திலேயே இருந்தது. 1769இல் அவ்வழியே போன ஸ்பானியப் பாதிரியார் ஹுவான் கிரெஸ்பியும் இடத்தைப் பார்த்து மெச்சினார். 1781 செப்டம்பரில், ஸ்பானியர் ஆண்ட கலிபோர்னியாவின் ஆளுநர் பெலிப்பே தே நேவேயின் ஏற்பாட்டில் 11 குடும்பங்கள், 44 பேர் வந்திறங்கினார்கள். பேருக்குத்தான் ஸ்பானியக் குடியேற்றம். வந்தவர்களில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்க வம்சாவளி கலந்தவர்கள்.

வந்த வேகத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். பெயர் சான்ஹா மாத்ரே, தாய் வாய்க்கால். ஊருக்கு மேலே, இடுக்கு முடியும் இடத்தில் கம்பும் தழையும் மண்ணும் போட்டு ஆற்றை மறித்துத் தண்ணீரைத் திருப்பினார்கள். ஆறு சரிவதைவிட வாய்க்கால் மெதுவாகச் சரியும்படி மேட்டை ஒட்டியே கொண்டுபோக வேண்டும். அப்போதுதான் ஊரை நெருங்கும்போது வாய்க்கால் ஆற்றைவிட உயரத்தில் இருக்கும். மடையைத் திறந்தால் இடைப்பட்ட வயல்களுக்குத் தண்ணீர் தானாகப் பாயும். இறைக்கிற வேலையே இல்லை. வெள்ளம் வந்தால் அணை அடித்துக்கொண்டு போகும், மறுபடி கட்ட வேண்டும், அவ்வளவுதான். குடிக்கவும் அதே தண்ணீர்தான். அதிலேயே துணியும் துவைத்தார்கள் என்பதை இங்கே அதிகம் யோசிக்க வேண்டாம்!

மடை திறந்து முறை பார்த்தவருக்கு ‘சான்ஹேரோ’ என்று பெயர். அமெரிக்க ஆட்சி வந்த பிறகு அவருக்கு மேயரைவிட அதிகச் சம்பளம் கொடுத்த காலமும் உண்டு. கொடுக்க வேண்டியதுதான். 1878இல் இங்கே வாய்க்கால் தூர்வாரும் வேலையில் சேர்ந்த வில்லியம் மல்ஹாலண்ட்தான், பின்னாளில் நகரின் நீர்வழங்கல் பொறியாளராகி, 1913இல் ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து 375 கிலோமீட்டர் தூரத்துக்குப் பம்ப் இல்லாமலே தண்ணீர் கொண்டுவந்தார்.

தாய் வாய்க்கால் மூடிப்போனாலும் அதோடு வந்த உரிமை போகவில்லை. ஸ்பானியக் காலத்து ஊர் என்பதால், சான் பெர்னாண்டோ படுகையில் இயற்கையாகச் சேரும் நீரில் நகரத்துக்கே முன்னுரிமை என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1975இல் உறுதி செய்தது.