காங் யாட்சே போகிறீர்களா? இரவு எங்கே படுக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள்

லடாக்கில் மார்க்கா பள்ளத்தாக்கின் தலைமாட்டில் நிற்கும் காங் யாட்சே 2 சிகரத்தின் உயரம் 6,250 மீட்டர். லடாக்கின் இன்னொரு சிகரமான ஸ்டோக் காங்ரி 2020இல் மூடப்பட்ட பிறகு, 'முதல் ஆறாயிரம்' ஏற ஆசைப்படுபவர்களில் பலர் இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். "டெக்னிக்கலாகக் கஷ்டமில்லாத சிகரம்" என்று விளம்பரங்களில் போடுகிறார்கள். பாறை ஏறத் தெரியவேண்டியதில்லை என்ற அளவில் அது சரி. ஆனால் இந்த மலையில் ஆட்களைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் பாறையோ பனியோ இல்லை, உயரம். அதற்கான விதை சென்னையில் உட்கார்ந்து பணம் கட்டும்போதே விழுந்துவிடுகிறது.

மலையேற்ற நிறுவனம் அனுப்பும் அட்டவணையில் எல்லோரும் முதலில் பார்ப்பது மொத்தம் எத்தனை நாள், எவ்வளவு பணம் என்பதைத்தான். ஒரு பேனாவை எடுத்து, ஒவ்வொரு நாளும் இரவு படுக்கும் இடத்தின் உயரத்தை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள். பகலில் எவ்வளவு ஏறினாலும் இறங்கிவிடலாம். உடம்பு கணக்கு வைப்பது தூங்கும் உயரத்தை. 3,000 மீட்டருக்கு மேல் ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் படுக்கை உயரம் கூடலாம், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தில் ஏற்கப்பட்ட விதி.

இப்போது பொருத்திப் பாருங்கள். விமானம் உங்களைக் கடல் மட்டத்திலிருந்து நேரே லேயில், சுமார் 3,500 மீட்டரில் இறக்கிவிடுகிறது. விதி அங்கேயே ஒருமுறை மீறப்பட்டாயிற்று. அதனால் லேயில் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று இரவு. முதல் நாள் அறையை விட்டு அதிகம் நகராமல் இருப்பதே வேலை. பிறகு சில்லிங் வழியாக ஸ்கியூ (சுமார் 3,400), மார்க்கா (3,770), ஹங்கர் (4,000), நிமாலிங் (4,800), பேஸ் கேம்ப் (5,050). இதில் ஹங்கரிலிருந்து நிமாலிங்குக்கு ஒரே நாளில் 800 மீட்டர் தாவல். நடுவில் தச்சுங்ட்சேயில் ஓர் இரவு போடுகிறார்களா? பேஸ் கேம்ப் போன மறுநாள் ஏறாமல், க்ராம்பான் (பனியில் வழுக்காமலிருக்க பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்புப் பற்கள்) பயிற்சிக்கென்று ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்களா? மோசமான வானிலைக்கு ஒரு உபரி நாள் உண்டா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் அது படிக்கத் தகுந்த அட்டவணை. லே நாட்களையும் சேர்த்துப் பன்னிரண்டு நாளுக்குக் குறைவாக இது வருவது கஷ்டம்.

எட்டு நாளில் முடித்துத் தருகிறோம் என்பவர்கள் பள்ளத்தாக்கைத் தவிர்த்துவிட்டு, ஷாங் சும்தோ பக்கமிருந்து கொங்மாரு லா கணவாயைத் தாண்டி இரண்டே நாளில் நிமாலிங்கில் இறக்குவார்கள். கணவாய் 5,200 மீட்டருக்கு மேல். தாவல் பெரிது என்பது ஒரு பிரச்சினை. அதைவிடப் பெரிய பிரச்சினை, நிமாலிங்கில் ஒருவருக்கு நள்ளிரவில் மூச்சு முட்டினால் வந்த வழியே திரும்ப முதலில் 400 மீட்டர் மேலே ஏற வேண்டும். மார்க்கா பக்கமாக இறங்குவதுதான் வழி. அந்தப் பக்கம் ஜீப் சாலை வருடா வருடம் உள்ளே நீண்டுகொண்டே வருகிறது. இந்த ஆண்டு எந்த ஊர் வரை வண்டி வரும், யார் அழைப்பது என்பதை கைடு புறப்படும் முன்பே சொல்ல வேண்டும். அதே சாலை இன்னொரு விதத்தில் ஆபத்து: நடக்கும் நாள் குறைந்ததும் அட்டவணையையும் சுருக்கிவிடுகிறார்கள். ஜீப்பில் போனால் உடம்பு சீக்கிரம் பழகிவிடாது.

மாத்திரை பற்றி நிறையக் குழப்பம். அசிட்டசோலமைடு, கடைப்பெயரில் டயமாக்ஸ், உயரத்துக்கு உடல் பழகுவதை வேகப்படுத்துகிறது. அறிகுறியை மூடி மறைப்பதில்லை. தடுப்புக்குப் பெரியவர்களுக்கான வழக்கமான அளவு 125 மி.கி., காலை, மாலை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 250 மி.கி. என்பதால் பாதி மாத்திரை. விரல் நுனி மரமரப்பதும் சிறுநீர் அடிக்கடி போவதும் சாதாரணம். சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. லேக்கு நேராகப் பறப்பவர்கள் எல்லோருமே புறப்படும் முன் மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது. மருந்துச் சீட்டோடு வீட்டிலேயே ஒரு நாள் போட்டுப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாது என்பதை 4,000 மீட்டரில் கண்டுபிடிக்க வேண்டாம்.

தலைவலியோடு குமட்டல், சோர்வு, தலைசுற்றல் இருந்தால் அதே இடத்தில் நிற்க வேண்டும், அடுத்த முகாமுக்கு ஏறக்கூடாது. இரண்டு அறிகுறிகள் மட்டும் காத்திருக்க விடாதவை. ஒன்று, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது. நுரையீரலில் நீர் கோப்பது பெரும்பாலும் புது உயரத்தின் இரண்டாம் இரவையொட்டித்தான் தலைகாட்டும். நேற்று வரை முன்னால் நடந்தவர் இன்று கடைசியில் வருகிறார் என்பதே அதன் முதல் சைகையாக இருக்கலாம். மற்றொன்று தள்ளாட்டம். தரையில் கோடு போட்டு, குதிகாலோடு பெருவிரல் ஒட்ட பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். குடித்தவர் போல் சாய்ந்தால் மூளையில் வீக்கம் என்றே எடுத்துக்கொண்டு, இரவானாலும் உடனே இறக்க வேண்டும், தனியாக அல்ல. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். பேஸ் கேம்பில் 80 சொச்சம் காட்டுவது சகஜம். குழுவில் மற்றவர்களைவிட ஒருவருக்கு மட்டும் வெகுவாகக் குறைந்திருக்கிறதா, நேற்றைவிட இறங்கியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

"ஆக்சிஜன் இருக்கிறது" என்ற பதிலோடு திருப்தியாகிவிடாதீர்கள். எத்தனை லிட்டர் வாயு என்று கேளுங்கள். 300 லிட்டர் கொண்ட சின்ன சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் விட்டால் இரண்டரை மணி நேரத்தில் காலி. ரெகுலேட்டரும் மாஸ்க்கும் அதோடு பொருந்துகின்றனவா என்று லேயிலேயே திறந்து காட்டச் சொல்லலாம், தப்பில்லை. லே கடைகளில் விற்கும் ஆக்சிஜன் ஸ்ப்ரே டப்பா வேடிக்கைக்கு ஆகும்.

கைடிடம் கேட்க வேண்டியவை தனி. உத்தரகாசி, டார்ஜிலிங், மணாலி போன்ற மலையேற்றப் பயிற்சி நிலையங்கள் ஒன்றில் அட்வான்ஸ்டு கோர்ஸ் முடித்தவரா? சிகர இரவில் ஒருவர் திரும்ப வேண்டியிருந்தால் அவரோடு இறங்க இன்னொரு கைடு இருக்கிறாரா? ஒரே கைடு உள்ள குழுவில் ஒருவர் சோர்ந்தால் எல்லோரும் திரும்ப வேண்டும், அல்லது சோர்ந்தவர் தனியாக விடப்படுவார். நடைமுறையில் நடப்பது இரண்டாவது. இந்திய மலையேற்ற அறக்கட்டளையில் சிகர அனுமதி உங்கள் பெயரில் எடுக்கப்பட்டதா என்பதையும் நகல் வாங்கிப் பாருங்கள்.

சிகர இரவின் கணக்கு எளிது. பேஸ் கேம்பிலிருந்து உச்சி 1,200 மீட்டர், மாடிப்படியில் சொன்னால் சுமார் 400 மாடி, காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதிக்கும் குறைவாகிப் போகும் இடத்தில். மணிக்கு 150 மீட்டர் ஏறுபவர் இரவு 11 மணிக்குக் கிளம்பினால் காலை 7 மணிக்கு மேலே. 100 மீட்டர்தான் முடிகிறதென்றால் 11 மணியாகும். அதற்குள் வெயிலில் பனி இளகி, க்ராம்பான் அடியில் கட்டியாக ஒட்டிக்கொண்டு பல் பிடிக்காது. அதனால் திரும்பும் நேரத்தை, காலை 9 என்று வைத்துக்கொள்வோம், முந்தைய மாலையே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரியும்போது யாரும் நியாயமாக யோசிப்பதில்லை.

பயிற்சிக்கு மூன்று மாதம் போதும். பத்து கிலோ பையோடு அடுக்குமாடிப் படிகளில் ஏறி, லிஃப்ட்டில் அல்ல, நடந்தே இறங்குங்கள். முட்டி கெடுவது இறங்கும்போதுதான். வெள்ளியங்கிரி ஏறிப் பழகுவது காலுக்கு நல்லது. உயரத்துக்கு அது எதையும் கற்றுத்தராது.

வாடகை பூட்ஸை லேயிலேயே, சிகரத்தன்று போடப்போகும் அதே சாக்ஸோடு போட்டு, க்ராம்பானையும் மாட்டி, காலை உதறிப் பாருங்கள். ஆடினால் வேறு கேளுங்கள். குளிருக்கு பயந்து இரண்டு சாக்ஸ் திணிப்பவர்கள் ரத்த ஓட்டத்தை நெருக்கி, விரல் உறைய வழி செய்துகொள்கிறார்கள். ஒரு தடித்த கம்பளி சாக்ஸ், உள்ளே விரல் அசைய இடம், அவ்வளவே. தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள், நீர் மேலிருந்துதான் உறையும், வாய் அடைக்காது. குழாய் வைத்த தண்ணீர்ப் பை அன்றிரவு பயன்படாது. ஹெட்லாம்ப்பின் மாற்று பேட்டரி உள்சட்டைப் பையில்.

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது. போஸ்ட்பெய்டு வேண்டும், அதுவும் பள்ளத்தாக்குக்குள் பெரிதாக உதவாது. உரிமமில்லாத சாட்டிலைட் போன் இந்தியாவில் சட்ட விரோதம், வெளிநாட்டு நண்பர் கொடுத்தார் என்று எடுத்துப் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். காப்பீட்டுப் பத்திரத்தில் உயர வரம்பைத் தேடுங்கள்; பல பாலிசிகள் 4,500 மீட்டர் போன்ற ஒரு கோட்டோடு நின்றுவிடும், கயிறு பயன்படுத்தும் ஏற்றத்தை விலக்கியும் வைத்திருக்கும். திரும்பும் டிக்கெட்டை, அட்டவணை முடியும் நாளுக்கு இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். உபரி நாள் காகிதத்தில் இருந்தாலும், மறுநாள் காலை விமானம் என்றால் அதை யாரும் பயன்படுத்துவதில்லை.