ஊட்டி சேர்மன் கையில் என்னதான் இருக்கிறது?

சீசனில் சேரிங் கிராஸில் வண்டிகள் நகராமல் நின்றால் திட்டு விழுவது நகர்மன்றத் தலைவருக்கு. ஆனால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்று உத்தரவிட்டது சென்னை உயர் நீதிமன்றம். அடுத்த ஆண்டு சீசனுக்கு நாளொன்றுக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என ஊட்டிக்கு வரம்பு வைத்ததும் அதே நீதிமன்றம்தான். இதில் சேர்மனிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

தாவரவியல் பூங்கா தோட்டக்கலைத் துறையுடையது. படகு இல்லம் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துடையது. மேட்டுப்பாளையத்திலிருந்து கூடலூர் போகும் சாலை தேசிய நெடுஞ்சாலை. நகராட்சிக்கு மிஞ்சுவது குப்பை, குடிநீர், தெருவிளக்கு, வார்டுச் சாலை, வடிகால், மார்க்கெட் கடைகள். அற்பமாகத் தோன்றும், இரண்டு நாள் குழாயில் தண்ணீர் வராதபோதுதான் அருமை புரியும்.

பெரிய ஊர் மேயர்களுக்கும் இந்தக் கட்டு உண்டு. 2025 நவம்பரில் நியூயார்க்கில் வென்ற ஸோரான் மம்தானி, வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வீடுகளுக்கு வாடகையை ஏற்றவிட மாட்டேன், பேருந்தை இலவசமாக்குவேன் என்றார். முதலாவது அவருக்கு எட்டும் தூரம்: அந்த வாடகையை நிர்ணயிக்கும் வாரியத்தின் 9 உறுப்பினர்களையும் நியமிப்பவர் மேயர். பேருந்து அப்படியில்லை, அது மாநிலத்தின் போக்குவரத்து ஆணையத்திடம் இருக்கிறது. பணக்காரர் மீது வருமான வரியைக் கூட்டவும் மாநிலச் சட்டமன்றம் சம்மதிக்க வேண்டும். ஆனாலும் தன் துறைத் தலைவர்களை அவரே தேர்ந்தெடுக்கிறார், மக்களும் அவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் சேர்மனுக்கு இரண்டும் இல்லை. அவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் 36 கவுன்சிலர்கள். ஆணையாளரை அனுப்புவதும் மாற்றுவதும் மாநில அரசு. சொத்து வரியே சான்று: 2022 சீராய்வில் 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,800-க்கு மேல் 100 சதவீதம் உயர்வு என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது சென்னையிலுள்ள மாநில அரசு.

பிறகு எதற்குச் சேர்மன்? கூட்டத்தைக் கூட்டுவதும் நடத்துவதும் அவர்தான். எந்த வார்டுக் கோப்பு நகர வேண்டும் என்று விடாமல் கேட்பதும் அவர் கையில் இருக்கிறது. அந்தப் பிடி சின்னதல்ல, அது வீணாவது மன்றத் தீர்மானத்தின் வாசகத்தில். கடைசி வரியைப் படியுங்கள். ‘நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கலாம்’ என்றிருந்தால் மரியாதையாக ‘முடியாது’ என்று அர்த்தம். எங்கிருந்து எதுவரை, எத்தனை மீட்டர், மதிப்பீடு எவ்வளவு, எந்த நிதியிலிருந்து என்பது நான்கும் இருந்தால்தான் வேலை நடக்கும்.

மலையில் இன்னொரு எதிரி காலண்டர். ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. ஏப்ரல், மே சீசனில் சாலையைத் தோண்ட விடமாட்டார்கள். மிஞ்சுவது ஜனவரி முதல் மார்ச் வரை, நிதியாண்டும் அதோடு முடிகிறது. ஜனவரியில் உறைபனி வேறு: கான்கிரீட்டை மதியத்துக்குள் போட்டு, இரவில் சாக்கும் தார்ப்பாயும் போர்த்த வேண்டும். இல்லாவிட்டால் மேல்தோல் பொடியாக உதிரும்.

டெண்டர் கதை தனி. 2 கோடி வரையான பணிக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். ஒருவரும் விலை போடாவிட்டால் மறு டெண்டர், மறுபடி அதே அவகாசம். ஏன் போடுவதில்லை? பெரும்பாலும் மதிப்பீடு லாரி நிற்கும் இடத்தோடு முடிந்திருக்கும். அதற்கு மேல் 200 மீட்டர் படிக்கட்டில் மணலும் ஜல்லியும் தலைச்சுமையாகத்தான் ஏற வேண்டும். அந்தக் கூலி மதிப்பீட்டில் இல்லையென்றால் எந்த ஒப்பந்ததாரரும் திரும்பிப் பார்க்க மாட்டார். மார்ச் போய்விடும், ஒதுக்கிய பணம் செலவாகாமல் நிற்கும்.

ஆகவே மனு எழுதும்போது ‘எங்கள் தெருவில் வடிகால் இல்லை’ என்று விட்டுவிடாதீர்கள். முதலில் சாலை யாருடையது என்று நகராட்சிப் பொறியியல் பிரிவில் கேளுங்கள். நெடுஞ்சாலையின் ஓரமென்றால், அந்தத் துறையை வலியுறுத்தும் தீர்மானத்தைத்தான் சேர்மனிடம் கேட்க முடியும். நகராட்சியுடையது என்றால் நீளத்தை நாடாவால் அளந்து எழுதுங்கள், தண்ணீர் எந்தப் பள்ளத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதையும் சொல்லுங்கள், படிக்கட்டுத் தூரத்தைத் தனியாகக் குறிப்பிடுங்கள். இரண்டு படம் போதும்: ஒன்று மழையில், ஒன்று வெயிலில். கவுன்சிலருக்கு ஒரு நகல், ஆணையாளருக்கு ஒன்று, சேர்மனுக்கு ஒன்று. மூன்றுக்கும் ஒப்புகை வாங்குங்கள். ஜூலையில் கொடுத்தால் ஆகஸ்டில் மதிப்பீடு, செப்டம்பரில் மன்றம், அக்டோபரில் டெண்டர் என்று கோப்பு நகர நேரமிருக்கும். டிசம்பரில் கொடுக்கும் மனு அடுத்த வருட வரிசையில்தான் நிற்கும்.