கிழங்கு மட்டும் போதாது, கண் வேண்டும்

டேலியா தூரிலிருந்து ஒரு கிழங்கை ஒடித்து எடுத்துத் தனியாக நட்டுப் பாருங்கள். கிழங்கு கொழுகொழுவென்றுதான் இருக்கும். உள்ளே மாவுச்சத்துக்குப் பதிலாக இன்யூலின் என்ற சேமிப்பு உணவு நிறைந்திருக்கும். சில சமயம் புது வேர்கூட விடும். ஆனால் தளிர் மட்டும் வராது. பக்கத்திலேயே கல்வாழைக் கிழங்கைக் கணுவோடு நறுக்கிப் போட்டால், சில வாரங்களில் குருத்து எட்டிப் பார்த்துவிடும்.

இரண்டையும் நாம் கிழங்கு என்றாலும் கல்வாழையில் இருப்பது மண்ணுக்குள் கிடையாக ஓடும் தண்டு. தண்டு என்பதால் கணு உண்டு, கணுவில் மொட்டும் உண்டு. டேலியாவில் இருப்பதோ பருத்த வேர். வேரில் கணு கிடையாது. பழைய தண்டின் அடியும் கிழங்குகளும் சேரும் கழுத்தில்தான் அதன் கண்கள், அதாவது தளிர் விடும் மொட்டுகள், இருக்கின்றன. எனவே கழுத்தில் ஒரு சிறு துண்டும் அதில் ஒரு கண்ணும் இருக்கும்படி வெட்டினால்தான் அது செடியாகும். கண்கள் சற்றுப் புடைக்கும்வரை பொறுத்திருந்தால் எங்கே வெட்டுவது என்பது தானே தெரியும்.

வேரிலிருந்தே புதிதாக மொட்டு உண்டாக்கும் செடிகளும் இருக்கின்றன. கறிவேப்பிலை மரத்தைச் சுற்றி முளைக்கும் கன்றுகள் அப்படி வந்தவைதான். பூந்தோட்டத்தில் ஜப்பானிய அனிமோனுக்கு இந்தத் திறமை உண்டு.

சரி, அதுவரை தூங்கிய மொட்டு வெட்டியதும் ஏன் விழிக்கிறது? வளரும் நுனியில் உண்டாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் தண்டு வழியே இறங்கி, மற்ற மொட்டுகளை அடக்கி வைக்கிறது. கத்தி பட்டதும் அந்த வரத்து நின்றுபோகிறது. வேரிலிருந்து வரும் சைட்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோன் மொட்டைத் தூண்டிவிடுகிறது.

வெட்டிய கிழங்கை ஓரிரு நாள் நிழலில் ஆறப்போடச் சொல்வதற்கும் காரணம் உண்டு. வெட்டுவாயில் சூபரின் என்ற மெழுகுத்தன்மையுள்ள பொருள் படிந்து, அதன் அடியில் புதுத் தோல் உருவாகும். அதற்கு முன்பே ஈர மண்ணில் வைத்தால் பூஞ்சை உள்ளே புகுந்து அழுகிவிடும். சாமந்தி, ஜெர்பெரா போல வேரோடும் இலையோடும் பிரிப்பவற்றுக்கு இது பொருந்தாது, அவற்றை உடனே நட வேண்டும். பிடுங்கும்போது நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்த்தூவிகள் பெரும்பாலும் அறுந்துபோகும். இலைகளோ வழக்கம்போல நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். இலையைக் கொஞ்சம் கத்தரித்து நிழலில் வைப்பது இந்தக் கணக்கைச் சரிக்கட்டத்தான்.

விதை போட்டால் போதாதா என்று கேட்கலாம். நம் உயிரணுவில், பரம்பரைப் பண்புகளைச் சுமக்கும் குரோமோசோம்கள் 2 தொகுதிகளாக இருக்கின்றன, தோட்டத்து டேலியாவிலோ 8 தொகுதிகள். விதையில் அவை எப்படிக் கலந்து வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. சிவப்புப் பூவின் விதையில் வேறு நிறம் பூக்கலாம். பிரித்த தூரோ தாயின் நகல்தான்.

நோயும் அந்த நகலோடு சேர்ந்தே வரும். டேலியா மொசைக் வைரஸ் கிழங்கு வழியாகவே அடுத்த செடிக்குப் போகிறது. இலையில் மஞ்சள் தேமலோடு குறுகி நிற்கும் தூரைப் பிரிக்க வேண்டாம், பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். கத்தியையும் ஒவ்வொரு தூருக்கும் நடுவில் நன்றாகச் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.