தரையைத் தொட்ட பிறகும் பறக்கத் துடிக்கும் விமானம்

மதுரை விமான நிலையத்தில் இறங்கும்போது ஜன்னலோர இருக்கை கிடைத்தால், ஓடுபாதையின் தொடக்கத்தைக் கவனியுங்கள். கரியால் கோடிழுத்ததுபோல் நீண்ட கறுப்புத் தடங்கள் கிடக்கும். வானத்தில் சுழலாமல் தொங்கிக்கொண்டிருந்த சக்கரம், தரை பட்ட கணத்தில் முழு வேகத்தில் சுழன்றாக வேண்டும். அந்த ஒரு நொடியில் தேய்ந்து தீய்ந்த ரப்பர்தான் அந்தத் தடம். பயணிகள் விமானத்துக்கே இந்தப் பாடு. போர் விமானத்துக்கு இன்னும் கடினம்.

ஒலியை முந்துவதற்காகப் போர் விமானத்தின் இறக்கையை மெலிதாகவும் சிறிதாகவும் அமைக்கிறார்கள். அப்படிப்பட்ட இறக்கை மெதுவான வேகத்தில் எடையைத் தாங்காது. எனவே இறங்கும்போது மூக்கை நன்றாக நிமிர்த்தி, இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தைக் கூட்டுகிறார்கள். வேகம் குறையக் குறையக் கோணம் கூட வேண்டும். இந்தக் கணக்கு பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு விபத்தைச் சொல்ல வேண்டும்.

2020 மே 19 இரவு, அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் எக்ளின் விமானப்படைத் தளத்தில் எஃப்-35ஏ போர் விமானம் ஒன்று இறங்கியது. வேகத்தை ஒரே அளவில் பிடித்து நிறுத்தும் வசதியை விமானி இயக்கியிருந்தார். தரை நெருங்கியபோதும் அதை அவர் அணைக்கவில்லை. தலைக்கவசக் கண்ணாடியில் தெரியும் பறப்புத் தகவல் காட்சி சற்று விலகி நின்றதால் கவனம் அதில் சிக்கிக்கொண்டது. மணிக்குச் சுமார் 280 கி.மீ. வேகத்தில் தொட வேண்டிய விமானம் 374 கி.மீ. வேகத்தில் தொட்டது. காற்றை 13 டிகிரி கோணத்தில் சந்திக்க வேண்டிய இறக்கை, 5 டிகிரியில் சந்தித்தது.

கண்மாயில் ஓட்டாஞ்சில்லை எறிந்து விளையாடியவர்களுக்குத் தெரியும்: தட்டையாக, வேகமாக விட்டால் அது நீருக்குள் இறங்காது, தத்தித் தத்திப் போகும். விமானம் தத்துவதற்குக் காரணம் வேறு. ஆனால் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். மூக்கு தாழ்ந்து வந்ததால் முன்சக்கரம் பலமாக மோதுகிறது. மோதிய வேகத்தில் மூக்கு மேலே எகிறுகிறது. எகிறியதும் இறக்கையின் கோணம் கூடுகிறது. வேகமோ ஏற்கெனவே மிச்சமிருக்கிறது. விமானம் மறுபடி மேலெழும்புகிறது. விமானி மூக்கை அழுத்துகிறார். அதன் விளைவு வருவதற்குள் விமானம் தானாகவே தாழத் தொடங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்து அடுத்த மோதல் முதலாவதைவிடப் பலமாகிறது. எக்ளினில் இதற்கு மேல் ஒன்று நடந்தது. விமானியின் கையசைவும் பறப்பைக் கட்டுப்படுத்தும் கணினியின் கட்டளைகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் முரண்பட்டன. மீண்டும் மேலெழும்ப அவர் கட்டுப்பாட்டுப் பிடியை இழுத்தும் வால் பகுதி இசையவில்லை. சில வினாடிகளில் அவர் இருக்கையோடு வெளியே பாய்ந்தார். காயங்களுடன் உயிர் பிழைத்தார். விமானம் முற்றிலும் அழிந்தது.

வேகம் மூன்றில் ஒரு பங்குதானே கூடியது என்று தோன்றலாம். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் வளர்கிறது. விமானத்தின் எடை 15 டன் என்று வைத்துக்கொள்வோம். 280 கி.மீ. வேகத்தில் அதனிடம் இருக்கும் ஆற்றல், மாட்டுத்தாவணியிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலூர் நோக்கி 60 கி.மீ. வேகத்தில் போகும் 12 டன் பஸ்கள் 27-இன் ஆற்றலுக்குச் சமம். 374 கி.மீ. வேகத்தில் அது ஏறத்தாழ 49 பஸ்களாகிவிடும். அத்தனையையும் ஓடுபாதைக்குள் கரைக்க வேண்டும்.

சக்கர பிரேக்கை மட்டும் நம்ப முடியாது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம். தொட்டவுடன் எடையில் பெரும்பகுதியை இறக்கையே சுமந்துகொண்டிருக்கும். சக்கரம் தரையை அழுத்தாமல் பிரேக் பிடிக்காது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் தேஜஸ், சுகோய்-30 போன்ற போர் விமானங்களின் வாலிலிருந்து ஒரு பாராசூட் விரிகிறது. அதன் இழுவையும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: வேகம் பாதியானால் இழுவை காலாகிவிடும். எனவே தொடக்கத்தில் பாராசூட், முடிவில் பிரேக்.

வெயிலும் இதில் கை வைக்கும். தஞ்சாவூரில் 2020 ஜனவரி முதல் சுகோய்-30 படைப்பிரிவு இருக்கிறது. அங்கும் மதுரையிலும் மே மாதத்தில் 40 டிகிரி புதிதல்ல. 15 டிகிரி காற்றோடு ஒப்பிட்டால் 40 டிகிரிக் காற்று 8 சதவீதம் அடர்த்தி குறைந்தது. அதே எடையைத் தாங்க விமானம் 4 சதவீதம் வேகமாகப் போக வேண்டும். விமானியின் வேகமானியில் வழக்கமான எண்ணே தெரியும். தரையில் சக்கரம் ஓடுவதுதான் கூடுதலாக இருக்கும். மழை நாளில் நிலைமை வேறு: 200 பவுண்டு காற்றழுத்தம் உள்ள டயர்கூட 235 கி.மீ. வேகத்துக்கு மேல் தேங்கிய நீரின்மீது வழுக்கி மிதக்கலாம்.

வேகம் கூடிவிட்டது என்று தெரிந்தால் விமானி செய்யக்கூடிய சரியான காரியம், தொடாமலே மேலேறிவிடுவது. ஓர் ஐப்பசி மாலை, மதுரை விமான நிலையத்தை அடுத்த மண்டேலா நகர் டீக்கடை ஓரம் நின்றபோது ஒரு பயணிகள் விமானத்தில் இதைப் பார்த்தேன். சக்கரங்கள் விரிந்து தாழ வந்த விமானம், ஓடுபாதைக்கு மேலே இரைச்சலோடு ஏறிப் போய்விட்டது. “ஏதோ கோளாறு” என்றார் பக்கத்தில் நின்றவர். “கோளாறு இல்லை அண்ணே, மறுபடி வருவார்” என்றேன். டீ ஆறுவதற்குள் விளக்குகள் மீண்டும் தெரிந்தன. இம்முறை மூக்கு நிமிர்ந்திருந்தது; பின்சக்கரங்களுக்குக் கீழே சின்னதாக ஒரு புகை எழுந்து கலைந்தது.